நடவுக் கூலிக்கு இந்தப் பட்டத்தில் எத்தனை நாள்?

பொருளாதார மந்தம் என்றதும் பத்திரிகைகள் பங்குச் சந்தையையும் பூட்டிய ஆலையையும் வேலைநீக்கக் கடிதத்தையும் காட்டுகின்றன. திருவாரூர் மாவட்டத்தில் நடவுக்கும் களைக்கும் போகும் பெண்ணுக்கு அப்படி எந்தக் கடிதமும் வந்ததில்லை. அவரை வேலைக்கு வைத்ததாக எழுத்தில் எதுவும் கிடையாது, நிறுத்தியதாகவும் இருக்காது. போன சம்பாவில் கிடைத்த வேலைநாளில் பாதி இந்தச் சம்பாவில் இல்லையென்றால், அதுதான் அவர் கண்ட மந்தம்.

உலகச் சந்தையின் சரிவு இந்த வயல்கள் வரை எட்டுமா? 1930களில் எட்டியது. அப்போது இது தஞ்சாவூர் ஜில்லா. மலிவான பர்மா அரிசி வந்து இறங்க, நெல் விலை சரிந்தது. ரப்பர் விலை விழுந்ததும் மலாயாத் தோட்டங்கள் ஆள் குறைத்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கப்பலேறிப் போனவர்கள் அனுப்பிய பணம் நின்றது. திரும்பியவர்களும் இருக்கிற கொஞ்சநஞ்சக் கூலி வேலைக்குப் போட்டியாக வந்து நின்றார்கள்.

நம் காலத்தில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியது 2016. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கவேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுவை போயிற்று, அதோடு நடவுக் கூலியும் போயிற்று. சரி, சம்பாவாவது கைகொடுக்கும் என்று இருந்தவர்கள் தலையில் நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு இறங்கியது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் செல்லாமல் போனது. ஒரு வாரத்துக்குள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தது. காவிரி டெல்டா விவசாயி கடன் வாங்குவதும் கட்டுவதும் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில்தான். அதற்குப் பணம் வருவதோ அந்த மாவட்டக் கூட்டுறவு வங்கியிலிருந்து. சம்பாப் பயிருக்குக் களை எடுத்து உரம் வைக்கும் நேரம் அது. களை பறிப்பு பெண்களின் வேலை. அதற்குக் கூலி அன்றன்றைக்குக் கையில் கொடுக்கும் ரொக்கம். நில உரிமையாளரிடமே சில்லறை இல்லாதபோது, வரப்பில் நிற்பவருக்கு எங்கிருந்து வரும்?

வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தார். கருகிய நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அது சாகுபடி செய்தவரின் கணக்குக்குப் போனது. அந்த வயலில் களை எடுத்திருக்க வேண்டியவருக்குப் பயிர் நிவாரணத்தில் பங்கில்லை. அவருக்கென்று சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: நூறு நாள் வேலை அந்த ஆண்டு 150 நாளாகும். நிலமில்லாதவரின் இழப்பை அளக்க அரசுக்குத் தெரிந்திருந்த ஒரே அளவுகோல் அதுதான்.

2020 பொதுமுடக்கத்திலும் இதே கதை. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய கால்வாசி சுருங்கியது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் கிடைத்தது. கிராமங்களில் அடுப்பு அணையாமல் காத்ததில் பெரும்பங்கு நூறு நாள் வேலைக்கும் ரேஷன் அரிசிக்கும்தான்.

கையில் காசில்லாத மாதங்களில் குடும்பத்துக்காகக் கடனாளி ஆவது பெண்தான். நுண்நிதி நிறுவனங்கள் குழுவாகச் சேர்ந்த பெண்களுக்கே கடன் தருகின்றன. வசூல் நாளன்று ஒரு வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார வேண்டும். ஒருவரால் தவணை கட்ட முடியவில்லையென்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. வெளியாள் மிரட்டுவதைவிட, பக்கத்து வீட்டுக்காரி முகத்தைப் பார்க்க முடியாமல் போவதுதான் பெரிய நெருக்கடி. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களைப் புரட்டிப் போட்ட பிறகும் இந்த வசூல் பெரும் புகாராக எழுந்தது. கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்தது. வேண்டிய சட்டம். ஆனால், கடன் வாங்கவைக்கும் வேலையில்லா மாதங்களை அதனால் குறைக்க முடியாது.

அந்த மாதங்கள் நீண்டுகொண்டே போகின்றன. அறுவடை எப்போதோ இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. இப்போது நடவும் போகிறது. மாநில அரசு அறிவித்த 2024 குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம், ஒரு லட்சம் ஏக்கருக்கு. ஆள் கிடைக்காமல் தவிக்கும் விவசாயிக்கு அது உதவி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாக்கணக்கில் நடவை மொத்தமாகப் பேசி, பத்துப் பதினைந்து பேராக இறங்கி முடித்துக் கூலியைப் பிரித்துக்கொண்ட பெண்களுக்கு அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை.

மிஞ்சியது நூறு நாள் வேலை. திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களுக்கு அது 2007இல் வந்தது. தமிழ்நாட்டில் இதன் மனித உழைப்பு நாள்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்களுடையவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வேலை சொந்த ஊராட்சியிலேயே. ஆனால் 2023 முதல் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலியில்தான், அதுவும் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து. மதியப் படம் ஏறவில்லையென்றால், காலையிலிருந்து வெட்டிய மண்ணுக்குக் கூலி சிக்கலாகிறது. 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. மாதக்கணக்கில் கூலி நின்றால் அந்த இடைவெளியில் மறுபடியும் குழுக் கடன்தான்.

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு மாற்றாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாள்கள் 125 ஆகும் என்கிறது அது. ஆனால் செலவில் 40 விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கீட்டை ஒன்றிய அரசே முடிவு செய்யும், அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் அது வழி செய்கிறது. அப்போது வயலில் வேலை இருக்கும் என்பதே இதன் அடிப்படை. குறுவை, சம்பா, தாளடி என்று பட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் டெல்டாவில் அந்த 60 நாளை எங்கே வைப்பது? நடவு இயந்திரம் இறங்கிய வயலில் அந்த நாள்களில் பெண்களுக்கு என்ன வேலை? நாள்களைக் குறித்து அறிவிக்கும் பொறுப்பு மாநில அரசுக்கு. குறிப்பதற்கு முன் நீடாமங்கலத்திலும் மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் சென்ற பட்டத்தில் பெண்களுக்கு உண்மையில் எத்தனை நாள் வயல்வேலை கிடைத்தது என்பதை ஊராட்சி வாரியாக எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களையே கிராம சபையில் கேட்டால் நாள் கணக்கை விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.