லாரியின் பின்னச்சில் எண்ணெய் குறைந்தால்

தாயில்பட்டியிலிருந்து பட்டாசுப் பாரம் சுமக்கும் லாரியின் பின்னச்சு நடுவே உள்ள பற்சக்கரக் கூடே ‘டிபரென்ஷியல்’. வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாய்ச் சுழல இடந்தருவது அதுவே. எண்ணெய் வற்றினால் கூடு கொதித்துப் பற்கள் ஊளையிடும். அவ்வொலியைப் பாட்டுப் பெட்டியால் மறைக்கும் டிரைவர்களும் உளர்!

கூடு ஆறியபின், சமதரையில் பக்கத் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் துவாரத்தின் விளிம்புவரை நிற்கும். குறைந்திருப்பின், ஊற்றிக்கொண்டு உடனே புறப்படலாகாது. பழைய எண்ணெயை வடித்துச் சோதிக்க: நுண்பொடி தேய்மானத்தின் அடையாளம்; இரும்புச் சில்லாயின் உள்ளே ஏதோ உடைந்தது.

பின்பு கசிவைத் தேடுக. அச்சின் ஓரத்து ரப்பர் சீல் கிழிந்து, எண்ணெய் பிரேக் பட்டையை நனைத்தால், மிதித்த இடத்தில் வண்டி நில்லாது, ஏற்றியிருப்பதோ வெடிமருந்து. சீலையும் நனைந்த பட்டையையும் மாற்றி, கம்பெனி குறித்த கியர் எண்ணெயை நிரப்பிய பின்னரே பாரம் ஏற்றலாம்.