அல்புமின்: சல்லடையில் கசியும் சத்து

கோழி முட்டையின் வெள்ளைக்கருவை அறியாதவர் இல்லை. இலத்தீன் மொழியில் வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அல்புமின். நம் குருதியிலுள்ள முக்கியமான புரதம் ஒன்றுக்கும் அப்பெயரே வழங்குகிறது. பெயர் ஒன்று, பொருள் வேறு. இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு.

குருதியில் உள்ள அல்புமினைக் கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் வரை உற்பத்தி செய்கிறது. இதற்கு இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, சுமை தூக்குவது. கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றி மலையிறங்கும் லாரிகளைப் போல, கொழுப்பு அமிலங்கள், சுண்ணாம்புச் சத்து, நாம் விழுங்கும் பல மருந்துகள் ஆகியவற்றை உடலெங்கும் கொண்டு செல்கிறது. மற்றொன்று, இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைப்பது. அல்புமின் மிகவும் குறைந்துவிட்டால் நீர் வெளியே கசிந்து தங்கிவிடும். கால் வீங்கும், கண்ணைச் சுற்றி உப்பும்.

நம் பக்கத்தில் கால் வீங்கினால், "தேயிலைக் காட்டில் ஏறி இறங்கியது", "நாள் முழுக்கச் சந்தையில் நின்றது", "குளிர்" என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவோம். அப்படியும் இருக்கலாம்தான். ஆனால் இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஒன்று பழுதானாலும் கால் வீங்கும்.

இவற்றில் நம்மவர் மிகவும் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். அது ஒரு நுண்ணிய சல்லடை. நல்ல சல்லடை அல்புமினை ஏறக்குறைய முழுவதும் தடுத்து நிறுத்திவிடும். ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கும் குறைவாகவே சிறுநீரில் செல்லும். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் சல்லடைக் கண் பழுதாகும். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கசிவு தொடங்கும்போது வலி இல்லை, வீக்கம் இல்லை. சாதாரணமாகக் குச்சியைத் தோய்த்துப் பார்க்கும் சோதனையிலும் பெரும்பாலும் தெரியாது. நாளுக்கு 300 மில்லிகிராம் அளவை நெருங்கினால்தான் அது தெளிவாகக் காட்டும். 30க்கும் 300க்கும் இடைப்பட்ட காலமே காப்பாற்றுவதற்கு ஏற்ற காலம். இதைக் கண்டறியத் தனிச் சோதனை உண்டு. காலைச் சிறுநீர் சிறிதளவு கொடுத்தால் போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது, "சிறுநீரில் அல்புமின் அளவு பார்த்தீர்களா?" என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் எதற்கு? கசிவைக் குறைக்கவல்ல இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் இருக்கின்றன.

நம் சித்த வைத்தியர்கள் நீர்க்குறி பார்க்கையில் நிறம், மணம், எடை, எஞ்சல் ஆகியவற்றோடு நுரையையும் கவனித்தார்கள். சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பது புரதம் மிகுதியாகக் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் நுரை வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இனி முட்டைக்கு வருவோம். அல்புமின் குறைந்துவிட்டது என்றதும் தினமும் நாலைந்து வெள்ளைக்கருவை விழுங்குகிறார்கள். முட்டை நல்ல உணவுதான். ஆனால் அது சல்லடையை அடைக்காது. பழுதான சிறுநீரகத்துக்கு மிகுதியான புரதம் கூடுதல் சுமையாகவும் ஆகலாம். அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். காய்ச்சலாலும் கடும் உடலுழைப்பாலும் அல்புமின் சில நாட்களுக்கு மட்டும் கூடுதலாகத் தெரிவதுண்டு. ஆகவே ஒரு முடிவை வைத்துத் தீர்மானிக்காமல், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் சோதித்துப் பார்ப்பார்கள்.