ஒரே புள்ளடி, வேறு வேறு கணக்கு

1977 ஜூலை 21ஆம் திகதி இலங்கையில் நடந்த பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது ஏறத்தாழ 51 சதவீத வாக்குகள். ஆசனங்களோ 168இல் 140. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 30 சதவீத வாக்குகள் விழுந்தும் கிடைத்தவை 8 ஆசனங்கள்தான். 7 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களோடு பிரதான எதிர்க்கட்சியாகி, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வகுத்துப் பார்த்தால், ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஓர் ஆசனத்துக்குச் சுமார் 22,700 வாக்குகள் போதுமாக இருந்தன. சுதந்திரக் கட்சிக்கு அதே ஓர் ஆசனத்துக்கு 2 இலட்சத்து 32 ஆயிரம் வாக்குகள் செலவாயின.

ஏழு ஆண்டுகளுக்கு முன் தராசு மறுபுறம் சாய்ந்திருந்தது. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி, சுதந்திரக் கட்சியை விட 50 ஆயிரம் வாக்குகள் அதிகம் பெற்றும் 17 ஆசனங்களோடு நின்றது. இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்ட சுதந்திரக் கட்சி 91 ஆசனங்களை வென்றது. தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் அன்றைய முறையில் வாக்கு எவ்வளவு என்பதை விட அது எங்கே விழுந்தது என்பதே பெரிது. ஒரே நிலப்பரப்பில் செறிந்த வாக்கு ஆசனமாயிற்று. நாடெங்கும் சிதறிய வாக்கு வீணாயிற்று.

1977இல் ஆறில் ஐந்து பங்குப் பலத்தோடு வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசே 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. ஆனால் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு பழைய நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. அதில் அதே கட்சி, முன்பு பெற்ற அதே அளவு, ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளைப் பெற்றது. இம்முறை கிடைத்தவை 225இல் 125 ஆசனங்கள். வாக்காளரின் மனம் எண்ணளவில் நகரவில்லை. எண்ணும் முறை நகர்ந்திருந்தது.

பழைய முறையில் வாக்காளர் சின்னத்தின் எதிரே ஒரு புள்ளடி இட்டார். அந்தப் புள்ளடி ஒரு மனிதருக்குப் போயிற்று. வென்றவர் தொகுதிக்குச் சொந்தமானார். பாலம் உடைந்தாலும் பாடசாலைக்குக் கூரை வேண்டினாலும் எவரது வாசலில் போய் நிற்பதென்று ஊருக்குத் தெரியும். இன்று புள்ளடி கட்சிக்குப் போகிறது. அதன்பின் அக்கட்சிப் பட்டியலில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். அன்று வேட்பாளரின் போட்டியாளர் எதிர்க்கட்சியில் இருந்தார். இன்று அவரது சொந்தப் பட்டியலிலேயே இருக்கிறார். தொகுதி அளவில் முடிந்த பிரசாரச் செலவு மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது.

புதிய கணக்கின் உள்ளே ஒருமுறை போய்ப் பார்ப்போம். 2024 நவம்பரில் கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகள் 3,25,312. ஐந்து சதவீத வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் அறுவர்: தேசிய மக்கள் சக்தி 80,830, இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17க்கு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 17,730. மற்றவர்களின் 85,071 வாக்குகள் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டன. முதலிடம் பெற்ற கட்சியின் வாக்குகளை விட இது அதிகம். முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடுத்து, கழித்தபின் எஞ்சிய வாக்குகளை ஐந்தால் வகுத்து, அந்த ஈவு ஒவ்வொருவரின் வாக்கிலும் எத்தனை முறை அடங்குகிறதோ அத்தனை ஆசனங்கள் கொடுத்து, மிஞ்சும் ஆசனங்களுக்கு வாக்கு மீதிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக எடுத்தால் முடிவு 3, 1, 1, 1. நான்கில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனங்கள்.

அதே வாக்குகளைப் போனஸ் இல்லாமல் ஆறால் வகுத்தால், முடிவு 2, 2, 1, 1 ஆகும். தமிழரசுக் கட்சிக்கு இரண்டாவது ஆசனம் வந்திருக்கும். வெட்டுப்புள்ளியையும் எடுத்துவிட்டால் 2, 1, 1, 1, 1. அந்த ஆசனம் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்குப் போயிருக்கும். மக்கள் ஒருமுறைதான் வாக்களித்தார்கள். மூன்று விதிகள் மூன்று முடிவுகளைத் தருகின்றன.

நாடு முழுவதும் நடந்ததும் இதுதான். 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பு தவிர 21இலும் தேசிய மக்கள் சக்தியே முதலிடம் பெற்றது. 21 போனஸ் ஆசனங்களும் அதற்கே. 61.56 சதவீத வாக்குகள் 159 ஆசனங்களாயின. வாக்கு விகிதப்படி மட்டும் பங்கிட்டிருந்தால் 139ஐத் தாண்டியிராது. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்குத் தேவையான 150ஐ வாக்கு மட்டும் கொடுக்கவில்லை. விதியும் சேர்ந்து கொடுத்தது.

புதிய முறையால் பெற்றவை சிறியவையல்ல. 30 சதவீத வாக்குகளுக்கு 8 ஆசனங்கள் என்ற அநியாயம் இனி நேராது. சிதறி வாழும் மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் பதுளை, கண்டி, கொழும்பு போன்ற மாவட்டங்களில் தங்கள் வாக்கைக் கூட்டிப் பிரதிநிதியாக்க முடிந்தது. 1978இல் எட்டில் ஒரு பங்காக இருந்த வெட்டுப்புள்ளி, முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் போன்றோரின் வலியுறுத்தலால் 1988இல் ஐந்து சதவீதமாகக் குறைந்தது சிறுபான்மைக் கட்சிகளுக்கு வாசலைத் திறந்தது. இழந்தவையும் உண்டு. காங்கேசன்துறைத் தொகுதிக்கு என்று ஓர் உறுப்பினர் இன்று இல்லை; யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். பழைய முறையிலேயே நுவரெலியா-மஸ்கெலியா போன்ற பல அங்கத்தவர் தொகுதிகள் இருந்தன. அங்கே வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்க முடிந்ததால், 1977இல் மலையகத் தமிழர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாம் உறுப்பினராக வந்தார். தொகுதியின் நெருக்கமும் சிறுபான்மையின் பங்கும் ஒன்றாக இருந்த அந்தச் சிறு ஏற்பாடும் மாற்றத்தோடு போய்விட்டது.

வாக்காளரின் விருப்ப வரிசைகளைப் பொதுவிருப்பமாக்கும் எந்த முறையும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் வரும்போது, நியாயமென நாம் கருதும் சில எளிய நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றாது என்று 1951இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ நிறுவினார். ஆகவே குறையற்ற முறையைத் தேடிப் பயனில்லை. எந்தக் குறையைத் தாங்குவது என்பதை மக்கள் அறிந்து தேர்ந்தெடுப்பதே நியாயம். என் தீர்ப்பு இது: தொகுதி உறுப்பினர் திரும்ப வேண்டும், வாக்கு விகிதம் காக்கப்பட வேண்டும், போனஸ் ஆசனம் போக வேண்டும். அடுத்த தேர்தல் சீர்திருத்தத்தை யார் முன்வைத்தாலும், கடந்த தேர்தல்களின் வாக்குகளை அந்த விதியில் போட்டு என்ன வருகிறதென்று காட்டும்படி கேளுங்கள். அதற்குக் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.