உங்களுக்குத் தெரியுமா? – விடிவெள்ளி

விடியற்காலையில் கிழக்கே தெரியும் விடிவெள்ளியும், பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரியும் அந்திவெள்ளியும் வேறு வேறல்ல. இரண்டும் வெள்ளிக் கிரகம்தான். நிலாவை விட்டால் இரவு வானில் அதற்குத்தான் வெளிச்சம் அதிகம்.

● வெள்ளிக்கும் பிறை உண்டு. சின்னத் தொலைநோக்கி போதும், பார்த்துவிடலாம். 1610-ல் கலிலியோ அப்படித்தான் பார்த்தார். வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது என்பதற்கு அந்தப் பிறையே சாட்சி ஆனது.

● அங்கே ஒரு வருஷம் என்பது நமக்கு 225 நாள். ஆனால் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள 243 நாள் பிடிக்கிறது! போதாததற்குச் சுழல்வதும் எதிர்த்திசையில். அதனால் சூரியன் மேற்கே உதிக்கும். ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே 117 நாள். வருஷத்தில் இரண்டு விடியலைப் பார்த்தாலே பெரிது.

● சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன். ஆனாலும் அதைவிடக் கொதிப்பது வெள்ளிதான், தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகி ஓடும். கனத்த கரியமில வாயுப் போர்வை வெப்பத்தை வெளியே விடுவதில்லை. காற்றழுத்தம் இங்கே இருப்பதைப்போல் 90 மடங்கு, மேகமோ கந்தக அமிலம். 1982-ல் அங்கே இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா-13 தாக்குப்பிடித்தது 127 நிமிடம்.

● வெள்ளி சூரியனைக் கடக்கும்போது ஒரு கரும்பொட்டாகத் தெரியும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட அந்தக் காலத்தில் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 1761-ல் நடந்த கடப்பைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார் வானியலாளர் லெ ஜான்டில். பாதி வழியில் செய்தி வந்தது: ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கடப்பு நடந்த அன்று அவர் நடுக்கடலில். கப்பல் ஆடிய ஆட்டத்தில் எதையும் ஒழுங்காக அளக்க முடியவில்லை. சரி, அடுத்த கடப்பு 8 வருஷத்தில் வருமே என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அங்கேயே ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4. முந்தைய இரவு வரை தெளிவாக இருந்த வானத்தைக் காலையில் மேகம் மூடியது. கடப்பு முடிந்தபிறகுதான் சூரியன் முகம் காட்டியது. 11 வருஷம் கழித்து ஊர் திரும்பினால், அவர் செத்துப்போனதாக எண்ணிச் சொந்தக்காரர்கள் சொத்தில் கைவைத்திருந்தார்கள்!

● நம்மூரில் 2012 ஜூன் 6 காலையில் அந்தக் கரும்பொட்டைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அடுத்தது 2117 டிசம்பரில்தான்.