தொழிற்சாலைக்கும் ஓர் ஒத்திகை

ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர் மண்ணில் சுண்ணாம்புக் கோடு இட்டு, வாயில் எது, அடுக்களை எது என்று நடந்து பார்த்த பின்னரே கடைகால் தோண்டுகின்றனர். நாடகம் நடத்துவோர் பன்முறை ஒத்திகை பார்த்த பின்னரே மேடை ஏறுகின்றனர். ஆனால் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு யந்திரங்கள் வாங்கித் தொழிற்சாலை நிறுவும்போது மட்டும், ஒரு தாளில் எழுதிய சராசரிக் கணக்கை நம்பி இறங்கிவிடும் வழக்கம் நம் சங்கங்கள் பலவற்றில் இருந்து வருகிறது. தொழிற்சாலைக்கும் முன்கூட்டி ஒத்திகை பார்க்கும் முறை ஒன்று உண்டு. பொறியியலார் அதனைச் 'சிமுலேஷன்' என்பர். நாம் அதனைக் 'கணிப்பொறி ஒத்திகை' என்று அழைப்போம். பங்குப் பணம் செலுத்திய அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஒரு சங்கத்தின் அனுபவம்

நாம் ஆய்வு செய்த நெசவாளர் சங்கம் ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் கூறுகின்றோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாமல் தறிகள் நின்றுவிடுவதைக் கண்டு, அச்சங்கத்தார் கடன் பெற்றுக் கஞ்சி போடும் யந்திரம் ஒன்றை வாங்கத் தீர்மானித்தனர். பாவு ஓட்டுவது நாளொன்றுக்குச் சராசரி 10, கஞ்சி போடுவது 10, பிணைப்பதும் 10. எனவே தறிகளுக்கு நாள்தோறும் 10 பாவு தவறாமல் கிடைக்கும் என்று திட்ட அறிக்கை முடிவு கூறியது. கணக்கில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. நாமும் அதனைப் பார்வையிட்டு, சிபாரிசு எழுதிக் கையொப்பமிட்டோம்.

யந்திரம் ஓடத் தொடங்கிய பின்னர் 10 வரவில்லை. சில நாள் கஞ்சி யந்திரம் பாவுக்காகக் காத்து நின்றது. வேறு சில நாள் கஞ்சி போட்ட பாவுகள் பிணைப்பாரின்றி, வைக்க இடமுமின்றித் தேங்கின. தறிகளோ இரு நிலையிலும் காத்திருந்தன. நெய்வோருக்குக் கூலி குறைந்தது. கடனுக்கு வட்டி மட்டும் குறையவில்லை. ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, "ஆளும் குறை வைக்கவில்லை, யந்திரமும் குறை வைக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பத்துப் பாவு எங்கே போயிற்று, ஐயா?" என்று நம்மை நோக்கி வினவினார். அன்று நம்மிடம் விடை இல்லை.

சராசரி செய்யும் மோசம்

அவ்விடையை அறியக் கணிப்பொறியும் வேண்டுவதில்லை. மூன்று நாணயங்கள் போதும். ஒரு நாணயம் பாவு ஓட்டுவோருக்கு, ஒன்று கஞ்சி யந்திரத்திற்கு, ஒன்று பிணைப்பவருக்கு. தலை விழுந்தால் நல்ல நாள், 12 பாவு செய்யலாம். பூ விழுந்தால் குறை நாள், 8 பாவுதான் செய்யலாம். ஒவ்வொருவருக்கும் சராசரி 10 என்பது சரியாகவே இருக்கிறது. இடையில் சரக்கைச் சேர்த்து வைக்க இடமில்லை. ஒருவர் முடித்ததை மற்றவர் அன்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்பொழுது மூன்றையும் சேர்த்துச் சுண்டிப் பாருங்கள். மூன்றும் தலையாக விழுந்தாலன்றி 12 பாவு வெளிவராது. அது சராசரியாக 8 முறைக்கு ஒரு முறையே நிகழும். மற்ற 7 முறையும் யாரேனும் ஒருவருக்குப் பூ விழுந்திருக்கும். அன்று 8 பாவுதான். ஆகவே 8 நாளில் கிடைப்பது 12-உம் 56-உம் சேர்ந்து 68, நாளொன்றுக்கு எட்டரை. மூவரின் சராசரியும் 10. மூவரும் சேர்ந்த வரிசையின் சராசரி எட்டரை! ஒருவரது நல்ல நாள் மற்றொருவரது குறை நாளில் கரைந்துபோகிறது. முதியவர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. இடையிடையே சிறிது பாவு இருப்பு வைத்துக்கொண்டால், ஒருவரது குறை நாளில் அடுத்தவர் அவ்விருப்பிலிருந்து எடுத்து வேலை செய்வார். உற்பத்தி 10-ஐ நெருங்கும். ஆனால் இருப்பு வைப்பதும் இனாம் அன்று. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த எளிய விதி ஒன்று உண்டு: வரிசையில் தங்கியிருக்கும் சரக்கு, நாளொன்றுக்குச் செல்லும் சரக்கை அது தங்கும் நாட்களால் பெருக்கிய தொகைக்குச் சமம். நாளொன்றுக்கு 10 பாவு செல்லும் இடத்தில் 60 பாவு கிடந்தால், ஒவ்வொரு பாவும் சராசரி 6 நாள் முடங்கும். அதில் போட்ட நூலின் விலையும் அவ்வாறே முடங்கும்.

அப்படியாயின் இருப்பு எவ்வளவு, எந்த இடத்தில்? இரண்டாவது யந்திரம் வாங்குவது மேலா, இன்னொரு பிணைப்பவரை அமர்த்துவது மேலா? இவற்றிற்கு விடை காண நாணயத்தை ஆயிரக்கணக்கான முறை சுண்ட வேண்டும். அவ்வேலையைத்தான் கணிப்பொறி செய்கிறது.

கணிப்பொறி செய்வது என்ன?

ஒவ்வொரு யந்திரத்திற்கும் வேலை முடிக்க ஆகும் நேரம், அது எத்தனை நாளுக்கு ஒரு முறை பழுதாகிறது, பழுது நீக்க எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு ரகத்திலிருந்து மற்றொரு ரகத்திற்கு மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற விவரங்களைக் கணிப்பொறியில் பதிகின்றனர். நாணயத்திற்குப் பதில் அது தற்செயல் எண்களை எடுத்துக்கொள்கிறது. அதன் கடிகாரம் நம் கடிகாரம் போல் விநாடி விநாடியாக நகர்வதில்லை. ஒரு பாவு முடிந்தது, ஒரு யந்திரம் நின்றது, பழுது நீங்கியது என்று ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவுகிறது. ஆகவே ஓர் ஆண்டின் வேலையைச் சிறிது நேரத்தில் ஓட்டிப் பார்க்க முடிகிறது. ஒரு முறை ஓட்டி முடிவு கட்டுவது தவறு. வேறு வேறு தற்செயல் எண்களைக் கொண்டு பன்முறை ஓட்டி, நல்ல ஆண்டில் எவ்வளவு, கெட்ட ஆண்டில் எவ்வளவு என்று இரண்டையும் காணவேண்டும்.

இம்முறை நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் எஃகுக் கம்பெனி ஒன்றில் பணிபுரிந்த கீத் டோச்சர் என்ற அறிஞர், எஃகு ஆலையின் உலைகளும் பாரந்தூக்கிகளும் ஒன்றுக்கொன்று காத்து நிற்பதைக் கணக்கிட வேண்டி, எந்த ஆலைக்கும் பொருந்தக்கூடிய பொது நிரல் ஒன்றை வகுத்து 1960-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஜெப்ரி கார்டன் இதே நோக்குடைய மற்றொரு நிரலைக் கொண்டுவந்தார்.

இன்று இக்கலை பெரிதும் வளர்ந்துவிட்டது. எண்கள் மட்டுமின்றித் தொழிற்சாலையின் முழு உருவமும் திரையில் தோன்றுகிறது. ரோபோவின் கை தூணில் இடிக்குமா, தொழிலாளி குனிந்து எடுக்கவேண்டிய உயரம் உடலுக்கு ஏற்றதா என்றெல்லாம் முன்னரே காணலாம். ஜெர்மானியக் கார் கம்பெனியான பி.எம்.டபிள்யூ. ஹங்கேரி நாட்டின் டெப்ரெட்சென் நகரில் கட்டிய தொழிற்சாலையின் உற்பத்தியை 2023 மார்ச்சில் கணிப்பொறிக்குள் தொடங்கிப் பார்த்தது. அங்கு மெய்யான கார்கள் வரிசையாக வெளிவரத் தொடங்கியதோ 2025-இன் பிற்பகுதியில்தான். திரையில் ஒரு தூணை நகர்த்துவதற்குச் செலவு சொற்பம். கட்டி முடித்த தூணை நகர்த்துவதற்குச் செலவு எவ்வளவு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

விவசாய அங்கத்தினருக்கும் இதில் பயன் உண்டு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் வாயிலில் கரும்பு வண்டிகள் காத்து நிற்கின்றன. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். எடைமேடை இன்னொன்று வேண்டுமா, அல்லது வெட்டு உத்தரவுகளை நேரம் பிரித்து வழங்கினாலே போதுமா என்பது இம்முறையால் ஆராயத் தக்க கேள்வியாகும்.

இதன் எல்லை

பொய்க் கணக்கை அழகிய கையெழுத்தில் எழுதினாலும் அது பொய்க் கணக்கே. அதுபோல் தவறான விவரங்களை இட்டால், திரையில் ஓடும் வண்ணப் படம் எவ்வளவு கவர்ச்சியாக இருப்பினும் விடை தவறாகவே வரும். யந்திரம் விற்பவர் தரும் வேகம் ஒன்று. நூல் அறுந்து, மின்சாரம் நின்று, ஆள் வராத நாளில் காணும் வேகம் வேறு. அந்த இரண்டாவது வேகத்தை அறிந்தவர் தறியிலும் யந்திரத்திலும் நிற்கும் அங்கத்தினரே. துணி விலைபோகுமா என்பதையும், புதிய ஏற்பாட்டால் எவருக்கு வேலை போகும் என்பதையும் இவ்வொத்திகை சொல்லாது. அவை பொதுக் கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டியவை.

ஆகவே புதிய யந்திரத் திட்டம் கூட்டத்திற்கு வரும்போது அங்கத்தினர் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். கணக்கு வெறும் சராசரியைக் கொண்டதா, ஏற்ற இறக்கமும் சேர்ந்ததா? பழுதும் தாமதமும் பற்றிய விவரம் நம் குறிப்பேட்டிலிருந்து எடுத்ததா, விற்பவர் சொன்னதா? இதே கணக்கால் சென்ற ஆண்டின் உற்பத்தியை ஒட்டிப் பார்த்தார்களா? கெட்ட ஆண்டிலும் கடன் தவணை கட்ட இயலுமா? கணிப்பொறி இல்லாத சங்கமும் இவற்றைக் கேட்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஒத்திகை நிரல்களும் உண்டு. அருகிலுள்ள பொறியியற் கல்லூரியின் உதவியை நாடுவதும் தகும். ஆனால் யந்திரம் நின்ற நேரத்தையும் காரணத்தையும் எழுதும் குறிப்பேட்டை இன்றே தொடங்குவதற்கு எவர் உதவியும் வேண்டுவதில்லை.

முன்கூறிய சங்கத்தார் இப்பொழுது பாவு வைக்க இடம் ஒழித்து, பிணைப்பவர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தியிருக்கின்றனர். தறிகள் முன்போல் நிற்பதில்லை. கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. அன்று அந்தத் திட்டத்தில் கையொப்பமிடுமுன் மூன்று நாணயங்களைச் சுண்டிப் பார்த்திருப்போமாயின், அக்கடனில் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கும். இனிச் சராசரியை மட்டும் காட்டி வரும் எந்தத் திட்டத்திலும் நாம் கையொப்பமிடுவதில்லை; அங்கத்தினரும் கை தூக்கலாகாது.