கடலை மூடிய நிலத்தில் ஒரு மாயக்கோட்டை: டோக்கியோ டிஸ்னி ஏன் ஹோட்டல்களைக் கட்டிக்கொண்டே போகிறது?

ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதத்தில் ஜப்பானின் உராயாசு நகரைச் சேர்ந்த இளைஞர்களும் யுவதிகளும் கிமோனோவும் கோட்டும் அணிந்து டோக்கியோ டிஸ்னிலாண்டில் கூடுகிறார்கள். இருபது வயதை எட்டியவர்களை வாழ்த்தி நகர நிர்வாகம் நடத்தும் விழா அது. மற்ற ஊர்களில் இந்த விழா பெரும்பாலும் பொது மண்டபங்களில் நடக்கும். உராயாசுவில் 2002 முதல் டிஸ்னிலாண்டில் நடக்கிறது. பெரியவர்களின் வாழ்த்துரைகளோடு மிக்கி மவுஸும் மேடைக்கு வரும்.

உராயாசுவின் பழைய மீனவக் குடும்பங்களுக்கு அந்த இடம் வேறுவிதமாக ஞாபகம் இருக்கும். அங்கே அப்போது நிலமே இருக்கவில்லை. கடல் வற்றும் நேரத்தில் கால் புதையும் சேற்றுத் திட்டுகள்தான் இருந்தன. மட்டி அள்ளுவதும், நோரி எனப்படும் கடற்பாசியை வளர்ப்பதும் ஊரின் பிழைப்பாக இருந்தது.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில் ஒரு கம்பனியின் அறுபது வருட வரலாறு இருக்கிறது. அந்தக் கம்பனி அண்மைக் காலத்தில் புதிய பகுதிகளையும் ஹோட்டல்களையும் கட்டி வருகிறது. ஏன் கட்டுகிறது, அவை யாருக்காக என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

புதிதாக வந்தது என்ன?

டோக்கியோ டிஸ்னி ரிசோர்ட்டில் இரண்டு பூங்காக்கள் உள்ளன. டிஸ்னிலாண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறக்கப்பட்டது. கடலைக் கருப்பொருளாகக் கொண்ட டிஸ்னிசீ 2001 செப்டெம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. டிஸ்னிசீ ‘துறைமுகங்கள்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜூன் 6 அன்று அதன் எட்டாவது துறைமுகமான ‘ஃபான்டசி ஸ்பிரிங்ஸ்’ திறக்கப்பட்டது. ஃப்ரோஸன், ரபுன்ஸல், பீட்டர் பான் ஆகிய மூன்று கதைகளின் உலகங்கள் அங்கே இருக்கின்றன. மொத்தம் நான்கு சவாரிகள். செலவு ஏறத்தாழ 320 பில்லியன் யென். 2018 இல் அறிவித்தபோது போட்ட மதிப்பீடு 250 பில்லியன் யென்தான்.

அதே நாளில் அந்தப் பகுதியை ஒட்டியே 475 அறைகள் கொண்ட ஃபான்டசி ஸ்பிரிங்ஸ் ஹோட்டலும் திறக்கப்பட்டது. அது இரண்டு பிரிவுகளாக உள்ளது. 419 அறைகள் வழமையான உயர்தர வகை. மீதி 56 அறைகள் ரிசோர்ட்டில் அதுவரை இல்லாத அதிசொகுசு வகை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2022 ஏப்ரலில், 595 அறைகளோடு டோய் ஸ்டோரி ஹோட்டல் திறக்கப்பட்டிருந்தது. இன்று ரிசோர்ட்டின் ஆறு டிஸ்னி ஹோட்டல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 3,500 அறைகள் உள்ளன.

கடல் நிலமானது எப்படி?

1958 இல் உராயாசுவுக்கு அண்மையில் இருந்த ஒரு காகித ஆலையின் கழிவுநீர் ஆற்றின் வழியாகக் கடலில் கலந்தது. மீன்களும் மட்டியும் செத்தன. ஆத்திரமடைந்த மீனவர்கள் ஆலைக்குள் புகுந்தார்கள். பொலிஸாருடன் மோதல் ஏற்பட்டது. அந்தச் சம்பவத்தைத் தொடர்ந்து அதே வருடம் டிசம்பரில் நீர் மாசடைவைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஜப்பானில் முதன்முறையாக இயற்றப்பட்டன. சட்டம் வந்தது, ஆனால் கடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இரண்டு வருடங்களில், 1960 இல், ஓரியன்டல் லாண்ட் என்ற கம்பனி உருவானது. கெய்செய் ரயில் கம்பனியும் மிட்சுயி ஃபுடோசான் என்ற காணி அபிவிருத்தி நிறுவனமும் அதன் பின்னால் நின்ற முக்கிய பங்காளிகள். கெய்செய் தலைவர் கவாசாகி சிஹாரு 1958 இல் அமெரிக்கா போனது ரோஜாச் செடிகள் வாங்க. அங்கே கலிபோர்னியா டிஸ்னிலாண்டைப் பார்த்துவிட்டு அதே போன்ற ஒன்று ஜப்பானுக்கும் வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

கம்பனி தன் நோக்கமாக எழுதிவைத்தது கவனிக்கத்தக்கது. உராயாசுக் கடலை நிரப்பி, குடியிருப்பும் வணிக நிலமும் பெரிய பொழுதுபோக்கு இடமும் அமைத்து, நாட்டு மக்களின் கலாசாரத்துக்கும் நலனுக்கும் பங்களிப்பது. இலாபத்தை மட்டும் சொல்லிக் கடலை நிரப்ப முடியாது. பொதுநலம் என்ற சொல் அதில் இருக்கவேண்டியிருந்தது.

மீனவர்களோடு பேசும் பொறுப்பு, பின்னாளில் கம்பனியின் தலைவரான தகாஹாஷி மசாதோமோவிடம் ஒப்படைக்கப்பட்டது. மீனவத் தலைவர்களோடு இரவிரவாகக் குடித்தபடியே பேரம் பேசினார் என்பது ஜப்பானில் பலரும் அறிந்த கதை. 1962 இல் மீனவர்கள் மீன்பிடி உரிமையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 1971 இல் முழுவதையும் கைவிட்டார்கள். நட்டஈடு கிடைத்தது. ஆனால் ஊரின் தொழில் முடிவுக்கு வந்தது. சுமார் 4 சதுர கிலோமீற்றராக இருந்த உராயாசு, நிரப்பிய நிலத்தோடு சேர்த்து ஏறத்தாழ 17 சதுர கிலோமீற்றர் ஆனது.

டிஸ்னி ஒரு யென்னும் போடவில்லை

இந்த ரிசோர்ட்டின் உரிமையாளர் அமெரிக்க டிஸ்னி அல்ல என்பது பலருக்கும் தெரியாது. 1979 இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி முதலீடு, கடன், நட்டம் எல்லாமே ஓரியன்டல் லாண்டின் பொறுப்பு. டிஸ்னி பெயரையும் வடிவமைப்பையும் கொடுத்தது. பதிலுக்கு நுழைவுக் கட்டணத்தில் 10 சதவீதமும், உணவு மற்றும் பொருள் விற்பனையில் 5 சதவீதமும் உரிமக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டது. ஜப்பானில் இது எடுபடுமா என்ற சந்தேகம் அன்று டிஸ்னிக்கு இருந்தது.

பூங்கா வெற்றி பெற்றதும் டிஸ்னி வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1992 இல் பாரிஸ் அருகே திறந்த பூங்காவில் அது தானே 49 சதவீதப் பங்கு எடுத்தது. தொடக்கத்திலேயே ஏறத்தாழ 5,200 ஹோட்டல் அறைகளையும் கட்டியது. ஐரோப்பியர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பினார்கள். அறைகள் காலியாகக் கிடந்தன. 1994 இல் கடன்களை மறுசீரமைக்கும் நிலை ஏற்பட்டது.

டோக்கியோ எதிர்த்திசையில் நடந்தது. முதல் 17 வருடங்கள் ரிசோர்ட்டில் டிஸ்னி ஹோட்டலே இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஹோட்டல்களை மற்றவர்கள் நடத்தினார்கள். டோக்கியோ நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரம். எனவே தங்க வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. முதல் டிஸ்னி ஹோட்டலான அம்பாசடர் 2000 இல் வந்தது. அடுத்த வருடம் இரண்டாவது பூங்கா வந்தது.

இந்த வரிசையில்தான் விடயம் இருக்கிறது. ஒரு பூங்காவை ஒரே நாளில் பார்த்து முடிக்கலாம். இரண்டு பூங்காக்கள் என்றால் ஒரு இரவு தங்க வேண்டும். தங்குபவர் இரவு உணவையும் காலை உணவையும் அங்கேயே சாப்பிடுவார். கடையில் மேலும் இரண்டு பொருட்கள் வாங்குவார். புதிய சவாரி ஆளைக் கொண்டுவருகிறது, ஹோட்டல் அந்த ஆளைப் போகவிடாமல் வைத்திருக்கிறது. பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் பல சவாரிகளோடு ஹோட்டல்களையும் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்கள் குறைந்தார்கள், பணம் கூடியது

2020 பெப்ரவரி இறுதியில் கொரோனா காரணமாக மூடப்பட்ட பூங்காக்கள் ஜூலை 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 1996 இல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகு முதன்முறையாக அந்த நிதியாண்டில் கம்பனி நட்டம் கண்டது. தொற்றுக் காலத்தில் ஆட்களைக் குறைவாக விட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியிலிருந்து கம்பனி ஒரு புதிய கணக்கைக் கண்டுபிடித்தது.

2018 நிதியாண்டில் 3 கோடியே 25 லட்சம் பேர் வந்தார்கள். அதுவே இன்றுவரை சாதனை. அந்த வருட வருமானம் 525 பில்லியன் யென். 2024 நிதியாண்டில் வந்தவர்கள் 2 கோடியே 75 லட்சம் பேர்தான். ஆனால் வருமானம் 679 பில்லியன் யென். ஐம்பது லட்சம் பேர் குறைவாக வந்தும் வருமானம் கால் பங்குக்கு மேல் கூடியது. பூங்காவுக்குள் ஒருவர் செலவிடும் சராசரித் தொகை 11,815 யென்னிலிருந்து 17,833 யென்னாக உயர்ந்தது. இதில் ஹோட்டல் செலவு சேர்க்கப்படவில்லை.

எப்படி? நாளொன்றுக்கு அனுமதிக்கும் ஆட்களின் உச்ச வரம்பைத் தொற்றுக்கு முந்திய அளவைவிடக் குறைத்தார்கள். 2021 முதல் நாளுக்கு நாள் மாறும் கட்டணம் வந்தது. 2022 முதல் பணம் கொடுத்து வரிசையைத் தவிர்க்கும் முறை வந்தது; ஃபான்டசி ஸ்பிரிங்ஸ் திறந்தபோது ஃப்ரோஸன் சவாரிக்கு இதன் விலை ஒருவருக்கு 2,000 யென். முன்பு பணம் கொடுத்து வரிசையைத் தவிர்க்க முடியாது. இப்போது வரிசையில் நிற்காமல் இருப்பதும் விற்பனைக்கு உள்ள ஒரு பொருள்.

ஹோட்டல் இந்தக் கணக்கின் உச்சம். திறந்த புதிதில் ஃபான்டசி ஸ்பிரிங்ஸ் பகுதிக்குள் நுழையவே தனி அனுமதி தேவைப்பட்டது. சாதாரணச் சீட்டில் வந்தவர்கள் காலையிலேயே கைத்தொலைபேசிச் செயலியில் போராடி அதைப் பெற வேண்டியிருந்தது. அந்த ஹோட்டலில் தங்கியவர்களுக்கோ அப்பகுதிக்கு நேரே செல்லும் தனி வாசல் இருந்தது. அறைக்கு மட்டும் அவர்கள் பணம் கொடுக்கவில்லை. மற்றவர்களைவிட முன்னே இருப்பதற்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

யார் வெளியே நிற்கிறார்கள்?

1983 இல் பெரியவர் ஒருவருக்கான ஒரு நாள் சீட்டு 3,900 யென். 2023 ஒக்டோபர் முதல் கூட்டம் அதிகமான நாட்களில் அது 10,900 யென். சிறுவர்களுக்கு 5,600 யென். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்றால் உள்ளே நுழைவதற்கே 33,000 யென். சாப்பாடு, பயணம், வரிசைத் தவிர்ப்பு, அறை எல்லாம் அதற்கு மேல்.

கம்பனியின் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டம் குறைந்தால் அனுபவம் நன்றாக இருக்கும், ஊழியர்களின் சுமையும் குறையும். அதைவிடப் பெரிய காரணம், ஜப்பானில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள் என்பது. டிஸ்னிலாண்ட் திறந்த 1983 இல் அந்த நாட்டில் 15 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024 இல் 7 லட்சத்துக்கும் குறைவு. எண்ணிக்கையை நம்பி இனி வளர முடியாது; ஒருவரிடமிருந்து கிடைக்கும் தொகையைத்தான் கூட்ட வேண்டும்.

விளைவும் தெரிகிறது. இன்று வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நாற்பது வயதைத் தாண்டியவர். பத்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். மலிவான யென் அவர்களுக்கு வசதி. சிறுவர்களுக்காகக் கட்டிய இடம், சிறுவயதில் அங்கே வந்துபோன, இப்போது கையில் பணம் உள்ள பெரியவர்களின் இடமாக மாறி வருகிறது. மக்களின் நலன் என்று 1960 இல் எழுதிய வாக்கியத்தில் ‘மக்கள்’ என்றால் யார் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

ஆனாலும் திட்டங்கள் நிற்கவில்லை. 1983 முதல் ஓடிய ஸ்பேஸ் மவுண்டன் 2024 ஜூலை இறுதியில் மூடப்பட்டது. ஏறத்தாழ 70 பில்லியன் யென் செலவில் அதைப் புதிதாகக் கட்டி 2027 இல் திறப்பது திட்டம். அதைத் தொடர்ந்து 2028 நிதியாண்டில் ஒரு டிஸ்னி பயணக் கப்பலை ஓடவிட, கம்பனி 330 பில்லியன் யென் அளவில் முதலீடு செய்கிறது. கப்பலும் ஒரு ஹோட்டல்தான். இடையில் எங்கும் வெளியேற முடியாத ஹோட்டல். 2035 இல் வருட வருமானத்தை ஒரு டிரில்லியன் யென்னுக்கு மேல் கொண்டுபோவது இலக்கு.

நிலம் நினைவூட்டிய நாள்

உராயாசுவுக்குக் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. வரி வருமானம் நன்றாக இருப்பதால், மத்திய அரசின் வரிப் பகிர்வு நிதி தேவைப்படாத மிகச் சில நகரங்களில் அதுவும் ஒன்று. வேலைவாய்ப்பும் கிடைத்தது, ஆனால் பூங்காவில் பணிபுரிபவர்களில் பெரும்பான்மையோர் நிரந்தர ஊழியர்கள் அல்லர்.

2011 மார்ச் 11 பூகம்பத்தின்போது உராயாசுவின் எண்பது சதவீதத்துக்கும் மேலான பரப்பில் நிலம் இளகிச் சேறாகப் பொங்கியது. நிரப்பிய நிலத்தில் இருந்த வீடுகள் சாய்ந்தன, கழிவுநீர்க் குழாய்கள் உடைந்தன, வாரக்கணக்கில் மக்கள் அவதிப்பட்டார்கள். டிஸ்னியின் வாகனத் தரிப்பிடமும் சேறானது. பூங்காவின் மையப் பகுதி பெரிய சேதமின்றித் தப்பியது. கட்டும்போதே மணற் தூண்களை ஆழத்தில் இறக்கி நிலத்தை இறுக்கியிருந்தார்கள். டிஸ்னிலாண்ட் ஏப்ரல் 15 அன்று மீண்டும் திறந்தது. ஒரே கடலை நிரப்பி எடுத்த நிலம்தான். எங்கே எவ்வளவு செலவு செய்து இறுக்கினார்கள் என்பதே யார் தப்பினார்கள் என்பதைத் தீர்மானித்தது.

அன்று நிலம் இளகாத இன்னொரு பகுதியும் இருந்தது. கடல் நிரப்பப்படுவதற்கு முன்பே இருந்த, மீனவர்கள் வாழ்ந்த பழைய உராயாசு.

கடலோரத்தில் இப்படியொரு திட்டம் அறிவிக்கப்படும்போது எத்தனை அறைகள், எத்தனை பில்லியன், எத்தனை வேலைகள் என்ற எண்களை முதலில் காட்டுவார்கள். உராயாசுவில் அந்த எண்கள் பொய்க்கவில்லை. அறுபது வருடங்களுக்குப் பிறகு அங்கே மிஞ்சியிருக்கும் கேள்வி வேறு. எல்லோருக்கும் என்று சொல்லிக் கடலை வாங்கினால், வாசல் யாருக்குத் திறந்திருக்கும் என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டாமா?