வெளிநாட்டுச் சம்பளம், ஊர்ப் பென்ஷன், ஏலத்தோட்டம்... என்ஆர்ஐ-களுக்கு எதுக்கெல்லாம் வரி?

மகன் துபாயில், மகள் அமெரிக்காவில். குரங்கணி மலைச்சரிவில் பூர்வீக ஏலத்தோட்டம், போடிநாயக்கனூரில் வாடகைக்கு விட்ட வீடு. இப்படி இருக்கும் குடும்பங்களில் அடிக்கடி வரும் கேள்வி: 'வெளிநாட்டுல சம்பாதிக்கிறதுக்கு இங்கேயும் வரி கட்டணுமா?'

பாஸ்போர்ட்டைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீங்க, பணம் எந்த நாட்டில் ஈட்டப்பட்டது என்ற இரண்டும்தான் முக்கியம்.

யார் என்ஆர்ஐ?

வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், கிளம்பும் நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் என்ஆர்ஐ. செப்டம்பர் 20-ல் விமானம் ஏறினால், ஏப்ரல் 1 முதல் 173 நாள்தான் ஆகியிருக்கும். அந்த ஆண்டின் துபாய் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அக்டோபர் 15-ல் கிளம்பினால் 198 நாள். அந்த ஆண்டு மட்டும் துபாய் சம்பளமும் இந்திய வரிக் கணக்கில் சேரும்.

லீவுக்கு ஊருக்கு வந்து போகும் என்ஆர்ஐ-களுக்கும் 182 நாள்தான் வரம்பு. ஆனால் இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், 120 நாளிலிருந்தே கவனமா இருக்கணும்.

இங்கே வரும் பணம்?

* என்ஆர்ஓ வைப்புத்தொகை வட்டிக்கு, பொதுவாக 30% வரியும் செஸ்ஸும் சேர்த்து 31.2% டிடிஎஸ் பிடிப்பார்கள். என்ஆர்இ கணக்கு வட்டிக்கு வரி இல்லை.
* போடி வீட்டு வாடகைக்கு வரி உண்டு. உரிமையாளர் என்ஆர்ஐ என்றால், டிடிஎஸ் பிடித்துக் கட்டுவது குடியிருப்பவரின் பொறுப்பு.
* சொந்தத் தோட்டத்தில் விளைந்த ஏலக்காயை விற்றால் அது விவசாய வருமானம், மத்திய வருமான வரி கிடையாது. மற்றவர்களிடம் வாங்கி விற்றால் அது வியாபாரம், வரி உண்டு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. மகள் அமெரிக்க வரிக் குடியிருப்பாளர் என்றால், இங்கே விலக்கு பெற்ற ஏலக்காய் வருமானத்தையும் அங்கே காட்டணும். இந்திய விலக்கு அமெரிக்காவில் செல்லாது. என்ஆர்ஐ-கள் புதிதாக விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. பூர்வீகமாக வந்ததை வைத்துக்கொள்ளலாம்.

பென்ஷன் கணக்கு

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சில ஆண்டுகளாக துபாயில் மகனுடனே வசிக்கிறார், என்ஆர்ஐ என வைத்துக்கொள்வோம். தமிழக அரசு பென்ஷன் மாதம் 50,000 ரூபாய், ஆண்டுக்கு 6 லட்சம். இது இந்திய வருமானம்தான்.

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி, நிலையான கழிவு 75,000 போக 5.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 1.25 லட்சத்துக்கு 5%, செஸ் சேர்த்து 6,500 ரூபாய். இதே ஆசிரியர் போடியிலேயே இருந்திருந்தால் ஒரு ரூபாய் கூட கட்ட வேண்டாம். '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற தள்ளுபடி இந்தியாவில் வசிப்போருக்கு மட்டுமே. என்ஆர்ஐ-களுக்குக் கிடையாது.

ஊர் திரும்பினால்?

முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு என்ஆர்ஐ-ஆக இருந்தவர் அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் தங்காதவர், திரும்பியதும் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற இடைநிலைக்கு வருவார். அதுவரை வெளிநாட்டு வருமானத்துக்கு பெரும்பாலும் இங்கே வரி இல்லை. அந்தக் காலம் முடிந்ததும் உலகில் எங்கிருந்து வருமானம் வந்தாலும் காட்டணும். வெளிநாட்டு வங்கிக் கணக்கு, சொத்து விவரமும் ரிட்டர்னில் வரணும்.

அப்போது கைகொடுப்பது இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தப்படி, இந்தியாவில் குடியேறியவர் வாங்கும் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி தொகைக்கு அமெரிக்கா மட்டுமே வரி போடலாம். தனியார் நிறுவனப் பென்ஷனுக்கு, அவர் வசிக்கும் இந்தியாவில்தான் வரி.

இப்போதே செய்ய வேண்டியது

* பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து, ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்தியாவில் இருந்த நாட்களை எண்ணி எழுதி வைங்க.
* பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக மாற்றுங்க.
* டிடிஎஸ் அதிகமாகப் பிடித்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கலாம்.
* ஒப்பந்தச் சலுகைக்கு, வசிக்கும் நாட்டின் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் தேவை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், பிரிவு எண்கள் மாறியிருக்கு. பழைய எண்ணை நம்பிப் படிவம் நிரப்பாம, ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கோங்க.